மூன்றாவது ஸ்பீக்கர்

சனிக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது குழாய் ஓடும் சத்தம் கேட்டது. வாயில் நுரையோடு சமையலறைக்குப் போய்ப் பார்த்தேன். எங்கள் குழாய் மூடித்தான் இருந்தது. ஓடிக்கொண்டிருந்தது என் மாமியார் வீட்டுக் குழாய். அவர் வீடு இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். இது தெரிந்தும் மாதக்கணக்காக நான் இப்படித்தான் எழுந்து போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் வீணாகிறது என்றால் உடம்பு தானாகக் கிளம்பிவிடுகிறது. யார் வீட்டுத் தண்ணீர் என்றெல்லாம் அது விசாரிப்பதில்லை.

எங்கள் ஹாலின் நாலு மூலையிலும் நாலு ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. ஜன்னலோரம் இருப்பதில் மாமியார் வீட்டு ஹால் கேட்கும். சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் இருப்பதில் அவர்கள் சமையலறை. புத்தக அலமாரிக்கு அருகில் மாமா, அதாவது என் மாமனார், படுத்திருந்த அறை. செருப்பு வைக்கும் இடத்தில் அவர்கள் வீட்டுப் பின்வாசல். அந்த வீட்டில் எது எங்கே இருக்கிறதோ, அதே திசையில்தான் இங்கேயும் வைத்திருக்கிறார் என் கணவர். சோபாவில் உட்கார்ந்து கண்ணை மூடினால் மாமியார் வீட்டு நடுவில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்தவள் நான். கடைசியில் தனிக்குடித்தனத்துக்குள்ளேயே கூட்டுக்குடும்பத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டார் மனிதர்.

அவருக்கு வேலையே அதுதான். ஓர் அரங்கத்தில் இருபது மைக் இருந்தால் இருபதின் சத்தத்தையும் தனித்தனியாக, ஒன்றோடொன்று கலக்காமல், நெட்வொர்க் வழியாக வேறோர் இடத்துக்கு அனுப்புவது. இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு நடுவில் ஒரு வாசலைத் திறந்து வைப்பார்களாம், அதற்குப் பெயர் சாக்கெட்டாம். எனக்குத் தெரிந்த சாக்கெட் சுவரில் இஸ்திரிப் பெட்டியைச் சொருகுவது. அதைச் சொன்னபோது அவர் சிரித்தார். அப்போதெல்லாம் சிரிப்பார்.

"கியூல நிக்கிற மாதிரின்னு வச்சுக்கோ" என்று அன்றைக்கு விளக்கினார். "ஹால், கிச்சன், ரூம், பின்வாசல். மறுபடி ஹால், கிச்சன், ரூம், பின்வாசல். ஒரு செகண்டுக்குள்ள ஆயிரக்கணக்கான தடவ இப்படியே சுத்தி வரும். கிச்சன்ல சத்தமே இல்லன்னாலும் அதோட முறை வரும்போது ஒரு பூஜ்யத்தையாவது அனுப்பணும். ஒண்ணுமில்லையேன்னு விட்டுட்டா, பின்னாடி நிக்கிற ரூம் வந்து கிச்சனோட எடத்துல நின்னுடும்."

"அப்ப பேசாதவங்களுக்கும் அங்க எடம் உண்டுன்னு சொல்லுங்க."

"கட்டாயம் உண்டு."

எல்லாம் தெரிந்தவர்தான், ஆனாலும் முதல் வாரத்திலேயே அதைக் கோட்டைவிட்டார். எதையோ மாற்றி எழுதினார், வரிசை ஓர் இடம் நகர்ந்துவிட்டது. மாமாவின் இருமல் சமையலறை ஸ்பீக்கரில் கேட்டது. எழுந்து உட்காரவே இருவர் பிடிக்க வேண்டிய மனிதர் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று இருமுகிறார் என்றே நினைத்துவிட்டேன். உடனே போன் செய்தேன். "அவர் எங்கம்மா எழுந்து வந்தாரு, கட்டில்லதான் படுத்திருக்காரு" என்றார் மாமியார். பிறகு மூன்று பேரும் சிரித்தோம். போனுக்கு அந்தப் பக்கம் மாமாவும் சிரித்து, அது இருமலாகி, அந்த இருமல் மறுபடியும் எங்கள் சமையலறையில் கேட்டது.

மாமாவுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் மாமியார் சம்மதிக்கவில்லை. எங்களோடு வந்துவிடுங்கள் என்றால் மாமா சம்மதிக்கவில்லை. என் நாத்தனார் தூரத்தில் இருக்கிறார், நினைத்தவுடன் வர முடியாது. ஆகவே மைக். "வீட்டுக்குள்ள நாலு காதா?" என்றார் மாமியார். அதன் பிறகு அவற்றுக்குக் காது என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: கேட்கலாம், ஆனால் பேசியது எதையும் எங்கேயும் சேர்த்துவைக்கக் கூடாது. மகன் ஒத்துக்கொண்டார். சத்தம் வரும், ஒலிக்கும், போய்விடும். அவ்வளவுதான். அப்படியும் பக்கத்து வீட்டுக்காரி வந்து உட்கார்ந்தால், "கொஞ்ச நேரம் காதப் பொத்திக்கோடா" என்று ஹாலில் இருக்கும் மைக் மேல் ஒரு துண்டைப் போடுவார். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரியும். தினமும் காலையில் அவற்றைத் தூசி துடைப்பார். அந்த நேரத்துக்கு எங்கள் வீட்டில் இடி இடிக்கும்.

மாமா ஒரு விடுமுறை நாள் மதியத்தில் போனார். நாங்கள் இருவரும் வீட்டில்தான் இருந்தோம். அலமாரியோரத்து ஸ்பீக்கரில் இருமல் கேட்டுக்கொண்டே இருந்தது. அது எங்களுக்குப் பழகிப்போன சத்தம், கடிகாரம் மாதிரி. நின்றபோதுதான் கவனித்தோம். மாமியார் அவரை இரண்டு முறை கூப்பிட்டார். பிறகு அவருடைய குரல் மிக அருகில் வந்தது, மைக்கில் வாய் படுகிற நெருக்கத்தில். "கேக்குதாடா? அப்பா போயிட்டாருடா. வா."

அழவில்லை, கத்தவில்லை. அடுத்த அறையில் இருப்பவனைக் கூப்பிடுவது போலத்தான் சொன்னார். போனைத் தொடவே இல்லை. நாங்கள் போய் இறங்கியபோது கதவைத் திறந்து வைத்திருந்தார். வந்த ஒவ்வொருவரிடமும் அதைச் சொன்னார்: "போன் கூடப் பண்ணல. காதுல ஒரு வார்த்த சொன்னேன், வந்துட்டான்." துக்கத்துக்கு நடுவில் அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. வந்தவர்களும் என் கணவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இடித்த புளி மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து அப்படியேதான் இருக்கிறார். அழவில்லை. சாப்பாட்டைக் குறைக்கவில்லை. வேலைக்குப் போகிறார், வருகிறார், கேட்டதற்குப் பதில் சொல்கிறார். பல் பிடுங்கப் போட்ட ஊசியின் மரப்பு இறங்காதவர் மாதிரி முகம் ஒரே மாதிரி இருக்கிறது. நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க மனிதர்களின் கையைப் பிடித்து ஊசி குத்துபவள். வலிக்கிறதா என்று கேட்கக் கேட்க, கேட்பது ஒரு பழக்கமாகிவிட்டது எனக்கு. அவரிடமும் கேட்டேன். "தெரியல" என்றார். எனக்கும் தெரியவில்லை. மாமா போனதில் எனக்கு வருத்தம் இருந்தது, ஆனால் அது எங்கேயோ வைத்து மறந்த குடை மாதிரி இருந்தது. தேடினால் கிடைக்கும், நான் தேடவில்லை.

துக்கமெல்லாம் முடிந்து வீடு திரும்பியதும் மூன்று ஸ்பீக்கர்கள் வழக்கம்போலக் கேட்டன. அலமாரியோரத்து ஸ்பீக்கரில் சத்தம் இல்லை. "லைன்ல ஏதோ பிரச்சினை" என்றார். சரிபார்ப்பார் என்று நினைத்தேன். சரிபார்க்கவில்லை. அந்த அறையில் இனி என்ன சத்தம் இருக்கப்போகிறது என்று நானும் விட்டுவிட்டேன். ஸ்பீக்கரின் தலை நல்ல அகலம், மடித்த துணிகளை அதன்மேல் வைக்க ஆரம்பித்தேன். வீட்டில் சும்மா இருக்கும் எதன்மேலும் துணி ஏறிவிடும், அது ஒரு விதி.

நாத்தனார் வாராவாரம் போன் செய்தார். கெட்டவரில்லை. யாரும் எதையும் முடிவு செய்யாமல் இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான். அம்மாவைத் தன்னோடு அழைத்துக்கொள்வதாக முடிவு செய்தார். அங்கே ஓர் அறையைச் சுத்தம் செய்து, ஜன்னலுக்குத் திரை போட்டு, படத்தையும் அனுப்பினார். மாமியார் வீட்டுக்கு வாடகைக்கு ஆளும் பார்த்துவிட்டார்.

"நீதான் எந்நேரமும் கேட்டுட்டு இருக்கியே தம்பி. அம்மா என்ன சொல்றாங்க?" என்று கேட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்தது, நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணும் சொல்லல."

"அழறாங்களா?"

"அழற சத்தம் எதுவும் கேக்கல."

"என்கிட்டயும் 'உங்க இஷ்டம்'னுதான் சொன்னாங்க. அப்ப வந்துடுவாங்க. நான் ஞாயித்துக்கிழம கார் எடுத்துட்டு வரேன்."

இவர் "சரிக்கா" என்றார். அதோடு அது முடிந்தது. ஒரு வீடு காலியாவதற்கு அவ்வளவு நேரம்தான் ஆனது. நான் கடைசித் துணியை மடித்து ஸ்பீக்கர் மேல் வைத்தேன்.

ஆக, இது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை. மாமியார் வீட்டுக் குழாய் நின்றது. பிறகு இடி இடித்தது. நாளைக்கு விட்டுப் போகப்போகிற வீட்டிலும் மைக்கைத் துடைக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன். கணவருக்கு அன்றைக்கு ஓர் அரங்கத்தில் வேலை, சாயங்காலம்தான் வருவார். பொருட்களைக் கட்டுவதற்கு நான் மட்டும் பஸ் ஏறினேன்.

போனபோது மாமியார் பின்வாசல் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "இறுகிப்போயிருக்கு. வாடகைக்கு வர்றவங்க நம்மளத் திட்டக்கூடாதுல்ல" என்றார். கடைசி நாள் வேலை என்ற பதற்றம் எதுவுமில்லை. முகத்திலும் ஒன்றுமில்லை. மகன் யாரைக் கொண்டு பிறந்திருக்கிறான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்றினோம், போர்வைகளை மூட்டை கட்டினோம். இது எனக்கு, இது அவளுக்கு, இது யாருக்கும் வேண்டாம் என்று அவர் சொல்லச் சொல்ல நான் பிரித்து வைத்தேன். யாருக்கும் வேண்டாத குவியல்தான் பெரிதாக இருந்தது.

கடைசியில் மாமாவின் அறைக்குப் போனோம். கட்டிலில் மெத்தை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. மருந்து வைத்திருந்த பலகை துடைத்துக் காலியாக இருந்தது, அதன்மேல் மைக் மட்டும். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு எதிரில், முட்டி இடிக்கும் நெருக்கத்தில், ஒரு நாற்காலி. பக்கத்தில் தரையில் தண்ணீர்ச் சொம்பு. சுவரைப் பார்த்தபடி நாற்காலியைப் போட்டு யார் உட்காருவார்கள் என்று எனக்குத் தோன்றியது, ஆனால் கேட்கவில்லை. மைக்கையும் எடுத்து வைத்துவிடலாம் என்று ஒயரைப் பிடுங்கக் குனிந்தேன்.

"அத எடுக்காத" என்றார். "நாளைக்கு அவன் வந்து நாலையும் எடுத்துக்கட்டும். இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டும்."

"இது எதுக்கு அத்தை? இங்கதான் யாருமே இல்லையே."

"நான் இருக்கேனே" என்றார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சாயங்காலம் லைட் போட்டதும் இங்க வந்து உக்காந்துக்குவேன். அவன் வேலைலேர்ந்து வந்திருப்பான்ல, அந்த நேரம். அவன்கிட்ட பேசுவேன்."

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது கையில் ஒயர் இருந்தது.

"தினமுமா அத்தை?"

"தினமும்தான்."

"என்ன பேசுவீங்க?"

என்னைப் பார்த்தார். தெரிந்ததையே கேட்கிறாளே என்ற பார்வை. "ஏன், உனக்கும்தான கேட்டிருக்கும்? இந்த வீட்ட விட்டுட்டு வரமாட்டேன்னு சொன்னேன். அக்காகிட்ட நீ சொல்லுடான்னேன். என் வாயால சொன்னா அவ மனசு கஷ்டப்படும். ரூமெல்லாம் ஒழிச்சு வச்சிருக்கா பாவம், தெர வேற போட்டிருக்கா. நீ சொன்னா கேட்டுக்குவா, நீ சொல்லுன்னு சொன்னேன். அப்புறம் ஒரு நாள் வந்துட்டுப் போடான்னேன்."

"இதுல அவர் பதில் சொல்ல முடியாதே அத்தை. ஒரு பக்கம்தான் கேக்கும்."

"எனக்குத் தெரியாதா? பதிலுக்கா சொன்னேன். வருவான்னு சொன்னேன்." சொம்பை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "அப்பா செத்தன்னிக்கு ஒரு வார்த்ததான் சொன்னேன். வந்து நின்னான். இத்தன நாள் சொல்லியும் வரலைன்னா, அவனுக்கும் நான் போறதுதான் சரின்னு படுது போல. இருக்கட்டும். புள்ளைங்க பெரியவங்க ஆயிட்டாங்க, அவங்களுக்குத் தெரியாதா. அதான் அவகிட்ட 'உங்க இஷ்டம்'னு சொல்லிட்டேன்."

"லைன் சரியில்லையோ என்னவோ" என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

"சரியில்லாமலா போன வாரம் போன்ல கேட்ட, பின்வாசல்ல யாரு கூட சண்டன்னு? பூனைய வெரட்டுனதுகூட உங்களுக்குக் கேட்டுச்சே."

உண்மைதான், கேட்டேன். பின்வாசல் நன்றாகவே கேட்கிறது. சமையலறையும் ஹாலும் கேட்கின்றன. இந்த ஒன்றின் மேல்தான் துணி இருக்கிறது. சிவப்பு விளக்கைப் பார்த்தேன். இந்தப் பக்கம் விளக்கு எரிந்தால் அந்தப் பக்கம் மகன் கேட்கிறான் என்று அவர் நம்பியிருக்கிறார். நம்பாமல் என்ன செய்வார், அதுதான் ஒரு முறை நடந்ததே. இப்போது நான் எதைச் சொல்வது? கேட்டும் வராத மகன் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். இல்லை அத்தை, உங்கள் பேச்சு எங்கள் வீட்டில் கேட்கவே இல்லை, அது எதனால் என்றும் நாங்கள் பார்க்கவில்லை என்று சொன்னால் அது ஆறுதலா? இரண்டில் எது குறைவாக வலிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. கையில் ஊசி குத்தும்போது சொல்வேன், லேசாத்தான் இருக்கும், அந்தப் பக்கம் பாருங்க என்று. இங்கே பார்ப்பதற்கு அந்தப் பக்கம் சுவர்தான் இருந்தது. ஒயரை இருந்தபடியே விட்டுவிட்டு எழுந்தேன்.

"நீ கெளம்பு, பஸ் போயிடும்" என்றார். வாசல்வரை வந்தார். "அவன் ஒழுங்கா சாப்பிடறானா?"

"சாப்பிடறார் அத்தை."

"அதான பாத்தேன். கல்லுளிமங்கன், எதையும் வெளிய காட்டமாட்டான். சாப்பாட்ட மட்டும் விடமாட்டான்."

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. பக்கத்திலிருந்த பெண்ணின் குழந்தை என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கியது. இறங்கும்வரை நான் அசையவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கணவர் வந்துவிட்டிருந்தார். ஹால் தரையில் உட்கார்ந்து ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கைப்பையைக்கூட வைக்காமல், நடந்ததை நடந்தபடி சொன்னேன். நாற்காலியைச் சொன்னேன், சொம்பைச் சொன்னேன், மாமியார் சொன்னதை அவருடைய வார்த்தையிலேயே சொன்னேன். அவர் ஒயரைச் சுருட்டுவதை நிறுத்தவில்லை. முடித்து, முனையைக் கட்டி, கீழே வைத்த பிறகு அடுத்ததை எடுக்கவில்லை.

"லைன் ரிப்பேர்னு சொன்னீங்களே" என்றேன்.

"ரிப்பேர் இல்ல."

லேப்டாப்பை மடிமேல் வைத்துத் திறந்தார். திரையில் நாலு பச்சைக் கோடுகள். சத்தத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும், பார்த்திருக்கிறேன். மூன்றாவது மட்டும் சாம்பல் நிறத்தில் இருந்தது. ஆனால் அதுவும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. நிறம்தான் இல்லை.

"அங்கேர்ந்து வந்துட்டேதான் இருக்கு. ஒரு நாளும் நிக்கல. இங்க நான்தான் வெளிய விடல."

"ஏன்?"

திரையைப் பார்த்தபடியே சொன்னார். "இருமல் இல்லாம அந்த ரூம் எப்படி இருக்கும்னு கேக்க முடியல."

"அப்ப ஒரேயடியா எடுத்துட்டிருக்கலாமே."

"எடுக்கலாம். மூணு போதும்னு மாத்தி எழுதறது பெரிய வேலையில்ல. எடுக்க மனசு வரல. வந்துட்டு இருக்கட்டும், கேக்காம இருப்போம்னு..."

"அத்த பேசினது ஏதாவது இருக்குமா அதுல?"

"இருக்காது. எதையும் சேத்து வைக்கக்கூடாதுன்னு அம்மாதான சொன்னாங்க. அப்படித்தான் எழுதினேன். வந்தது வந்தபடி போயிடும்."

மாலை இருட்டத் தொடங்கியிருந்தது. நான் விளக்கைப் போட்டேன். போட்ட பிறகுதான் அங்கே மாமியாரும் இப்போது போட்டிருப்பார் என்று நினைவு வந்தது. அலமாரியோரம் போய் ஸ்பீக்கர் மேல் இருந்த துணிகளை எடுத்து சோபாவில் போட்டேன். கணவர் எதையோ அழுத்தினார். சாம்பல் கோடு பச்சையாயிற்று.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு மின்விசிறி. அது மாமாவின் அறை மின்விசிறி, ஒரு சுற்றுக்கு ஒரு முறை லேசாகக் கிறீச்சிடும். அதை நான் மறந்தே போயிருந்தேன். மற்ற மூன்று மூலைகளும் அமைதியாக இருந்தன. மின்விசிறிக்குக் கீழே, மிக அருகில், இன்னொரு சத்தம் வந்து போய்க்கொண்டிருந்தது. மூச்சு. மாமியார் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறார். பேசவில்லை. மூட்டை கட்டி முடித்த பிறகு பேசுவதற்கு என்ன இருக்கிறது. ஆனாலும் அந்த நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்.

கணவர் தரையிலேயே நகர்ந்து ஸ்பீக்கருக்கு எதிரில் போய் உட்கார்ந்தார், முட்டி இடிக்கும் நெருக்கத்தில். அங்கே நாற்காலி எப்படிப் போட்டிருந்ததோ, அப்படி. நான் அதை அவரிடம் சொல்லவில்லை.

"கெளம்புங்க" என்றேன். "இப்பவே போயிடலாம்."

"ஒரு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள படுத்துடுவாங்க. நேர்ல போய் நின்னா அம்மா சாப்பிட்டியான்னுதான் கேப்பாங்க. வேற எதையும் பேச மாட்டாங்க."

"அப்ப போன் பண்ணுங்க. அக்காவுக்கு அப்புறம் பண்ணலாம். மொதல்ல அத்தைக்கு."

போனை எடுத்தார். எண்ணை அழுத்திக் காதில் வைத்தார். அந்த வீட்டின் இன்டர்நெட் மெதுவானது. சத்தம் விட்டுவிட்டு வரக்கூடாது என்று கொஞ்சம் சேர்த்துப் பிடித்துத்தான் வெளியே விடுகிறது அவருடைய புரோகிராம். அங்கே நடப்பது இரண்டு மூச்சு தாமதமாகத்தான் எங்களுக்குக் கேட்கும். அவர் காதில் மணி அடிப்பது எனக்கு லேசாகக் கேட்டது. பிறகு அதே மணி ஜன்னலோரத்து ஸ்பீக்கரில் அடித்தது. மாமியாரின் போன் எப்போதும் ஹால் மேசைமேல்தான் கிடக்கும்.

அலமாரியோரத்தில் மூச்சு ஒரு கணம் நின்றது.

கணவரின் முகத்தைப் பார்த்தேன். மரப்பு இறங்கிக்கொண்டிருந்தது. வாய் கோணியது, நேராக்கிக்கொண்டார், மறுபடி கோணியது. மணி அடித்துக்கொண்டே இருந்தது, காதில் ஒன்று, ஜன்னலோரம் ஒன்று.

"நீயா?" என்றது மூன்றாவது ஸ்பீக்கர். மிக அருகில். போனைக் கேட்கவில்லை, மைக்கைத்தான் கேட்டார்.

கணவர் தலையாட்டினார். ஸ்பீக்கரைப் பார்த்து, ஆமாம் என்று.

"இரு, வரேன்."

நாற்காலி தரையில் இழுபட்டது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்போது வரும் சின்ன முனகல் கேட்டது. பிறகு காலடி. அலமாரிப் பக்கத்திலிருந்து கிளம்பி, கொஞ்சம் தேய்ந்து, எங்கள் ஹாலின் நடுப்பகுதியில் எங்குமில்லாமல் ஆகி, ஜன்னல் பக்கம் மெல்ல எழத் தொடங்கியது. மாமியார் எப்போதும் இடது காலை லேசாக இழுத்துத்தான் நடப்பார். சோபாவுக்கு முன்னால் நீட்டியிருந்த என் கால்களை நான் மடக்கிக்கொண்டேன், அவர் போவதற்கு வழிவிட்டு.

கணவரின் காதில் மணி நின்றது. "சொல்லுடா" என்ற குரல் போனில் சின்னதாகக் கேட்டது. அவர் வாயைத் திறந்தார். ஜன்னலோரத்தில் மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஹாலில் மாமியார் இன்னும் நடந்துகொண்டிருந்தார்.